வெவ்வேறு காலத்துக் கூடைப்பந்துப் புள்ளி மன்னர்களை ஒப்பிடுவது எப்படி? மட்டக்களப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் வில்ட் சேம்பர்லெய்ன் 1961-62 பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். மைக்கேல் ஜோர்டனின் உச்சப் பருவமான 1986-87இல் சராசரி 37.1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பேச்சு முடிந்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. இந்த இரண்டு எண்களும் ஒரே விளையாட்டில் எடுத்தவை என்று சொல்வதற்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த வாக்குவாதம் மட்டக்களப்பில் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் இங்கே வந்தபோது பாடசாலையோடு சேர்த்துக் கூடைப்பந்தையும் வளர்த்தார்கள். வெபர் அடிகளார் பெயரில் இன்றும் ஊரின் மைதானம் இருக்கிறது. லூசியானாவில் பிறந்த யூஜின் ஹேபியர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தவர். 1990 ஓகஸ்ட்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல்போனார். அவர்களிடம் பழகியவர்கள் இன்று தாத்தாமார். பேரப்பிள்ளைகளோ தூரத்திலிருந்து எய்வதில் பேர்போன ஸ்டெஃபன் கரியைப் போனில் பார்த்துவிட்டு நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து எய்து பார்க்கிறார்கள். ஒரே கோர்ட்டின் ஓரத்தில் இந்த இரண்டு தலைமுறையும் நின்றால், "மனே, எங்கட காலத்தில மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தா…" என்று ஒருவர் தொடங்காமல் விடமாட்டார்.

அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி, ஆகவே அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கணக்கோடு சொல்லிக் காட்டுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. நான் பின்பற்றும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு வீரரைத் தூக்கி இன்னொரு காலத்தில் வைத்துக் கற்பனை செய்வதற்கு முன், அவரோடு அதே பருவத்தில் ஆடியவர்களுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திப் பாருங்கள். யார் தன் காலத்தை விட்டு எவ்வளவு தூரம் மேலே நின்றார் என்பதை அளக்கலாம். 1962இன் சேம்பர்லெய்ன் இன்று வந்தால் என்ன செய்வார் என்பதை யாராலும் அளக்க முடியாது.

தேவையானவை ஒரு கொப்பி, போனில் உள்ள கல்குலேட்டர், பாஸ்கட்போல் ரெஃபரன்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பருவவாரியான எண்கள். அவ்வளவுதான்.

முதல் படி: எந்தக் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சண்டைகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். "பெரிய ஸ்கோரர் யார்?" என்பது ஒரு கேள்வி இல்லை, குறைந்தது நான்கு கேள்வி.

வாழ்நாள் மொத்தம் என்றால் லெப்ரோன் ஜேம்ஸ். கரீம் அப்துல் ஜபார் 38,387 புள்ளியோடு ஏறக்குறைய 39 வருடம் முதலிடத்தில் இருந்தார். 2023 பெப்ரவரி 7இல் லெப்ரோன் அதைத் தாண்டினார். அடுத்த வருடம் மார்ச்சில் 40,000ஐயும் கடந்தார். ஆனால் லெப்ரோன் பாடசாலை முடித்தவுடன் 18 வயதில் என்.பி.ஏ.க்கு வந்தவர். கரீம் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு 22 வயதில் வந்தவர். மொத்தம் என்பது திறமையை மட்டும் அளப்பதில்லை, எத்தனை வருடம் ஆட வாய்த்தது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. நோய் நொடியில்லாமல் 20 வருடத்துக்கு மேல் நின்று ஆடுவதும் பெரிய திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு திறமை.

வாழ்நாள் சராசரி என்றால் ஜோர்டன் 30.12, சேம்பர்லெய்ன் 30.07. மயிரிழை.

ஒரு பருவத்தின் உச்சம் என்பது மூன்றாவது கேள்வி. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான், ஏனென்றால் நியாயமாக ஒப்பிடுவதற்கு அதுவே வசதி.

நான்காவது, ஒரே ஆட்டம். 1962 மார்ச் 2இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் சேம்பர்லெய்ன் எடுத்த 100. 2006 ஜனவரி 22இல் டொரன்டோவுக்கு எதிராகக் கோபி பிரயன்ட் எடுத்த 81. சேம்பர்லெய்ன் 63 தடவை எய்து 36ஐப் போட்டார். ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிவான ஃப்ரீ த்ரோவில் அந்தப் பருவத்தில் 61 சதவீதம்தான் போட்டவர், அன்று மட்டும் 32இல் 28ஐப் போட்டார். அந்த நாட்களில் அவர் ஃப்ரீ த்ரோவை இரண்டு கையாலும் கீழிருந்து வீசுவார். கடைசி நிமிடங்களில் ஆட்டம் ஆட்டமாக இருக்கவில்லை. பந்து அவர் கைக்குப் போகக் கூடாதென்று எதிரணியான நியூயோர்க் மற்றவர்களை ஃபவுல் செய்தது, பந்தைத் திரும்ப எடுக்க அவருடைய அணியும் ஃபவுல் செய்தது. கோபியின் 81 வேறு மாதிரி. அவருடைய அணி இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் 18 புள்ளி பின்னால் இருந்தது. அந்தப் பாதியில் மட்டும் 55 எடுத்து ஆட்டத்தை வென்று கொடுத்தார். அணியின் மொத்தத்தில் பங்கைப் பார்த்தால் சேம்பர்லெய்ன் 169இல் 100, அதாவது 59 சதவீதம். கோபி 122இல் 81, அதாவது 66 சதவீதம். பெரிய எண் ஒருவரிடம், பெரிய பங்கு மற்றவரிடம். இந்தப் "பங்கு" கணக்கை மனதில் வைத்திருங்கள், கடைசிப் படியில் நம் ஊர் ஆட்டங்களுக்கு அதுதான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: அந்தக் காலத்தின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள்

எண்களைத் தொடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இதுதான் முழு வேலையிலும் சுவையான பகுதி.

1950 நவம்பர் 22இல் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. முழு 48 நிமிட ஆட்டத்தின் ஸ்கோர் அது. லேக்கர்ஸின் 18இல் 15ஐ எடுத்தவர் ஜோர்ஜ் மைக்கன். எய்வதற்குக் காலக்கெடு வைக்கும் ஷொட் கிளொக் அன்று கிடையாது, பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் கேட்பார் இல்லை. 1954இல் 24 வினாடி விதி வந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 79.5 புள்ளி எடுத்தது, விதி வந்த பருவத்தில் அது 93.1 ஆனது. 1961-62இல் 118.8. மைக்கன் தன் முதல் என்.பி.ஏ. பருவங்களில் எடுத்த 27, 28 புள்ளிச் சராசரியை இன்றைய 28ஓடு ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும்.

உயரமானவர்களைக் கட்டுப்படுத்த விதியையே மாற்றிய கதைகளும் உண்டு. கூடையின் கீழுள்ள பகுதி 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக அகலமானது, அதற்கு மைக்கன் காரணம். 1964இல் 16 அடியானது, அதற்குச் சேம்பர்லெய்ன் காரணம். கரீம் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த 1967இல் கல்லூரி ஆட்டங்களில் டங்க் செய்வதையே, அதாவது பந்தைக் கூடைக்குள் கையாலேயே திணிப்பதையே, தடைசெய்தார்கள். 1976 வரை அந்தத் தடை நீடித்தது. டங்க் பறிபோன அந்த வருடங்களில், ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே வளைத்து எய்யும் ஸ்கைஹூக்கை அவர் இன்னும் தீட்டிக்கொண்டார், அதைத் தடுக்க 20 வருடம் யாருக்கும் வழி தெரியவில்லை.

என்.பி.ஏ.யில் மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. வந்தாலும் உடனே யாரும் நம்பவில்லை. ஜோர்டன் 1986-87இல் பருவம் முழுவதும் 66 தடவை மட்டுமே அங்கிருந்து எய்தார், 12 விழுந்தது. 2018-19இல் 36.1 சராசரி எடுத்த ஜேம்ஸ் ஹார்டன் 1,000 தடவைக்கு மேல் எய்தார். இருவரும் ஒரே கோட்டுக்கு முன் ஆடினாலும், அந்தக் கோட்டை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு இடையில் முழுக்க மாறிவிட்டது.

தடுப்பாட்டத்திலும் இதே கதை. 2001-02க்கு முன் என்.பி.ஏ.யில் சோன் டிஃபென்ஸுக்கு, அதாவது ஆளுக்கு ஆள் நிற்காமல் இடத்தைக் காப்பதற்கு, அனுமதி இல்லை. ஆகவே ஜோர்டனைச் சுற்றி மூன்று பேர் முன்கூட்டியே குவிந்து நிற்க முடியாது, ஆனால் அவரைக் காப்பவர் இடுப்பில் கை வைத்துத் தள்ளலாம். 2004-05இலிருந்து கை வைப்பதை நடுவர்கள் கண்டிப்பாக ஊதத் தொடங்கினார்கள். ஹார்டனுக்கு முன்னால் சோன் இருந்தது, இடுப்பில் கை இல்லை. யாருக்கு எளிது என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. எழுதி வைக்கத்தான் முடியும்: இவருக்கு இது தடை, அவருக்கு அது தடை.

விதியின் முக்கியத்துவத்தை ஒரே உதாரணத்தில் காட்ட வேண்டுமென்றால் நான் பீட் மரவிச்சைத்தான் எடுப்பேன். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1967இலிருந்து 1970 வரை ஆடி 83 ஆட்டங்களில் 3,667 புள்ளி எடுத்தவர். சராசரி 44.2. மூன்று புள்ளிக் கோடு இல்லை. முதலாம் வருட மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதியால் அவருக்கு மூன்று பருவம் மட்டுமே கிடைத்தது. 2024 மார்ச் 3இல் ஐயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கேட்லின் கிளார்க் அந்த 3,667ஐத் தாண்டினார். நான்கு பருவம், 139 ஆட்டம், மொத்தம் 3,951. கிளார்க்கின் மூன்று புள்ளி எய்தல் நான் பார்த்து மகிழ்ந்த அழகுகளில் ஒன்று, அவர் சாதனையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் "சாதனை முறியடிக்கப்பட்டது" என்ற தலைப்புக்குக் கீழே இந்த வித்தியாசங்களும் வர வேண்டும். மரவிச்சுக்குச் சாதகமாக இருந்ததும் வர வேண்டும்: பயிற்றுநர் அவருடைய தந்தை. ஆட்டத்துக்கு 38 தடவை எய்யும் சுதந்திரம் வேறு எந்த மாணவனுக்குக் கிடைக்கும்?

இதில் இன்னொரு கிளை. கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுடார்ட் 1981இல் முடித்தபோது 3,649 புள்ளி எடுத்திருந்தார். பெண்கள் போட்டிகளை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. பொறுப்பெடுத்தது அதற்குப் பிறகுதான், ஆகவே அவர் எண் அதன் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கவே இல்லை. பட்டியலை யார் எழுதினார்கள், எந்த வருடத்திலிருந்து எழுதினார்கள் என்பதையும் பாருங்கள்.

மூன்றாம் படி: நிமிடத்தைப் பாருங்கள்

சேம்பர்லெய்ன் 1961-62இல் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தான். மேலதிக நேரத்தையும் சேர்த்தால் அப்படி வருகிறது, பருவம் முழுவதும் பத்து நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. ஜோர்டன் 40, கோபி 2005-06இல் 41, ஹார்டன் 36.8.

கணக்கு எளிது. மொத்தப் புள்ளியை மொத்த நிமிடத்தால் வகுத்து 36ஆல் பெருக்குங்கள். சேம்பர்லெய்ன்: 4,029 ÷ 3,882 × 36 = 37.4. அதேபோல ஜோர்டன் 33.4, கோபி 31.1, ஹார்டன் 35.4. 50க்கும் 37க்கும் இருந்த பெரிய இடைவெளி 4 புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. 36 நிமிடத்துக்குச் சுருக்கும்போது சேம்பர்லெய்னுக்கு அநியாயம் நடக்கிறது. ஓய்வெடுத்துவிட்டு வந்து 36 நிமிடம் ஆடுபவரின் காலும், ஓய்வே இல்லாமல் 48 நிமிடம் ஓடுபவரின் காலும் ஒன்றா? ஏப்ரல் வெயிலில் இங்கே சிமெந்து கோர்ட்டில் முழு ஆட்டம் ஆடியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆகவே இந்த எண்ணை எழுதும்போது பழைய எண்ணை அழிக்காதீர்கள். இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

நான்காம் படி: ஆட்டத்தின் வேகம்

வேகம் என்பது ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை பந்து கிடைக்கிறது என்பது. ஒரு தடவை கிடைத்து, எய்தோ, தவறவிட்டோ, எதிரணியிடம் போகும்வரை ஒன்று என்று கணக்கு. 1961-62இல் அது ஏறக்குறைய 126. அன்று பந்து இழப்பைத் தனியாகப் பதியவில்லை, ஆகவே இது மதிப்பீடுதான். 1986-87இல் 100.8, 2005-06இல் 90.5, 2018-19இல் 100. சேம்பர்லெய்னின் காலத்தில் ஓடி வந்து எய்து, திரும்ப ஓடி, மறுபடி எய்தார்கள். கோபியின் காலத்தில் ஒவ்வொரு பந்தும் நிதானமாக, 24 வினாடியும் தீரும்வரை ஆடப்பட்டது.

எல்லாரையும் 100 என்ற வேகத்துக்குக் கொண்டுவருவோம். 36 நிமிடப் புள்ளியை 100ஆல் பெருக்கி அந்தப் பருவத்தின் வேகத்தால் வகுங்கள்:

சேம்பர்லெய்ன் 29.7
ஜோர்டன் 33.1
கோபி 34.4
ஹார்டன் 35.4

வரிசை தலைகீழாகிவிட்டது. 50.4 எடுத்தவர் கடைசியில், ஆட்டச் சராசரியில் 35.4 மட்டுமே எடுத்த கோபி ஜோர்டனுக்கு மேலே. இந்த இடத்தில் பல பேர் கல்குலேட்டரை மூடிவிட்டு, "பார்த்தாயா, சேம்பர்லெய்ன் பொய்" என்று முடித்துவிடுவார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். நிமிடத்தால் வகுக்காமல் ஆட்டச் சராசரியை மட்டும் வேகத்துக்குத் திருத்திப் பாருங்கள்: சேம்பர்லெய்ன் 40.0, கோபி 39.1, ஜோர்டன் 36.8, ஹார்டன் 36.1. இப்போது சேம்பர்லெய்ன் மறுபடி முதலிடத்தில்.

எது சரி? இரண்டும் சரியான கணக்கு, வெவ்வேறு கேள்விக்கு. களத்தில் நின்ற ஒவ்வொரு நிமிடத்திலும் யார் ஆபத்தானவர் என்று கேட்டால் முதல் வரிசை. தன் அணிக்கு ஒரு இரவில் யார் அதிகம் கொடுத்தார் என்று கேட்டால் இரண்டாவது வரிசை. என் சாய்வு இரண்டாவது பக்கம். ஓய்வெடுக்காமல் நின்றதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் முதலாவதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை, எதைத் தேர்ந்தீர்கள் என்பதை மட்டும் வாக்குவாதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னும் நுணுக்கமாகச் செய்ய விரும்பினால் லீக்கின் வேகத்துக்குப் பதில் அந்த வீரரின் சொந்த அணியின் வேகத்தைப் போடுங்கள். வேலை கூடும், விடையும் கொஞ்சம் கூர்மையாகும்.

ஐந்தாம் படி: எத்தனை பந்தைச் செலவழித்தார்?

30 புள்ளிக்கு 20 தடவை எய்தவரும் 35 தடவை எய்தவரும் ஒன்றில்லை. இதற்கு ட்ரூ ஷூட்டிங் என்ற கணக்கு இருக்கிறது. ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, கள எய்தல் முயற்சிகளோடு கூட்டி, வருவதை இரண்டால் பெருக்குங்கள். புள்ளியை அதனால் வகுங்கள். 0.44 ஏனென்றால் எல்லா ஃப்ரீ த்ரோவும் ஒரு பந்தைச் செலவழிப்பதில்லை. கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை எறிவும், டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைப்பதும் இலவசம் மாதிரி.

சேம்பர்லெய்னுக்கு: 1,363 × 0.44 = 600, அதோடு 3,159 சேர்த்தால் 3,759, இரண்டால் பெருக்கினால் 7,518. 4,029ஐ அதனால் வகுத்தால் 53.6 சதவீதம். இன்றைய கண்ணுக்கு அது சாதாரணம். ஆனால் அந்தப் பருவத்தின் லீக் சராசரி 47.9தான். அவர் தன் காலத்தைவிட 5.7 மேலே.

ஜோர்டன் 56.2, லீக் 53.8, ஆகவே 2.4 மேலே. கோபி 55.9, லீக் 53.6, 2.3 மேலே. ஹார்டன் 61.6, லீக் 56.0, 5.6 மேலே. இந்தப் படியில் சேம்பர்லெய்னும் ஹார்டனும் அருகருகே நிற்கிறார்கள். 57 வருட இடைவெளி, ஒருவர் ஏழடி உயர்ந்து கூடையடியில் நின்றவர், மற்றவர் 13 தடவை தூரத்திலிருந்து எய்தவர். மேலோட்டமாகப் பார்த்தால் ஒப்பிடவே முடியாதவர்கள், அவரவர் பருவத்தோடு வைத்தால் ஒரே உயரம். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை வந்தது இந்த மாதிரி இடங்களில்தான்.

இந்த அளவில் எல்லாரையும் தாண்டி நிற்பவர் ஒருவர் உண்டு. 2015-16இல் ஸ்டெஃபன் கரி 30.1 சராசரி எடுத்தபோது அவருடைய ட்ரூ ஷூட்டிங் 66.9, லீக் 54.1. 12.8 மேலே! அந்தப் பருவத்தில் 402 மூன்று புள்ளி போட்டார், அதற்கு முன் யாரும் 300ஐக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அவர் ஆட்டத்துக்கு 20 தடவை எய்தார், சேம்பர்லெய்ன் 39 தடவைக்கு மேல். எய்தல் கூடக்கூடத் துல்லியத்தைக் காப்பது கடினம், ஏனென்றால் எளிதான வாய்ப்புகள் தீர்ந்து கடினமானவை மட்டும் மிஞ்சும். அளவும் துல்லியமும் இரண்டு தனிக் கட்டங்களாகக் கொப்பியில் இருக்கட்டும், ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஆறாம் படி: இரண்டாவது இடத்தில் யார்?

எளிய படி, ஒரு நிமிட வேலை. அந்தப் பருவத்தில் அடுத்த இடத்தில் இருந்தவரின் சராசரியை எடுத்துக் கழியுங்கள்.

1961-62இல் எல்ஜின் பெய்லர் 38.3 எடுத்தார். அந்த வருடம் இராணுவச் சேவையில் இருந்தபடி விடுப்பில் வந்து 48 ஆட்டம் மட்டும் ஆடியவர். அவருக்கும் சேம்பர்லெய்னுக்கும் இடைவெளி 12. அதே பருவத்தில் 30ஐத் தாண்டியவர்கள் மொத்தம் ஆறு பேர், காற்று எல்லாருக்கும் சாதகமாகத்தான் வீசியது. 1986-87இல் ஜோர்டனுக்கு அடுத்தவர் டொமினிக் வில்கின்ஸ், 29.0. இடைவெளி 8. ஹார்டனுக்கு அடுத்தவர் போல் ஜோர்ஜ், 28.0. அதுவும் 8. கோபிக்கு அடுத்தவர் அலன் ஐவர்சன் 33.0, இடைவெளி 2.4 மட்டுமே. நான்காம் படியில் மேலே ஏறிய கோபி இங்கே இறங்கிவிடுகிறார். மெதுவான காலமாக இருந்தாலும் புள்ளி எடுக்கும் பெரிய கைகள் அந்தப் பருவத்தில் பல இருந்தன.

ஏழாம் படி: எண்ணுக்கு வெளியே உள்ளவை

சேம்பர்லெய்னின் லீக்கில் 9 அணிகள். இன்று 30. அன்று திறமை நீர்த்துப்போகவில்லை என்று ஒரு பக்கம் சொல்வார்கள்: 80 ஆட்டத்தில் 8 எதிரணி, அதாவது ஒவ்வொரு அணியையும் சராசரியாகப் பத்துத் தடவை சந்திக்க வேண்டும், அதில் தடுப்பாட்டத்தில் பேர்போன பில் ரஸலும் வருவார். மறு பக்கம் சொல்வது: அன்று பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான் ஆடினார்கள், இன்று உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். இரண்டும் உண்மை. இதை எண்ணாக்க முயலாதீர்கள், கொப்பியில் ஒரு குறிப்பாக எழுதுங்கள்.

என்.பி.ஏ.க்கு வெளியே உள்ளவர்களையும் மறக்கக் கூடாது. பிரேசிலின் ஒஸ்கார் ஷ்மிட் 1988 சியோல் ஒலிம்பிக்கில் சராசரியாக 42.3 எடுத்தார், அதுவும் 40 நிமிட ஆட்டங்களில். ஐந்து ஒலிம்பிக்கில் மொத்தம் 1,093 புள்ளி. என்.பி.ஏ. அழைத்தபோது போகவில்லை. அந்த நாட்களில் அங்கே போனால் நாட்டு அணிக்கு ஆட முடியாது.

கடைசியாக, பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஓஃப். எதிரணி உங்களை மட்டுமே படித்துவிட்டு வரும் ஆட்டங்கள் அவை. வாழ்நாள் பிளேஓஃப் சராசரி ஜோர்டனுக்கு 33.4, சாதாரணப் பருவத்தைவிட மூன்று புள்ளிக்கு மேல் அதிகம். சேம்பர்லெய்னுக்கு 22.5. அவருடைய பிற்காலத்தில் புள்ளியைக் குறைத்துப் பந்தைப் பகிர்ந்து ஆடத் தொடங்கினார், 1967இல் முதல் சாம்பியன் பட்டமும் அப்படித்தான் வந்தது, ஆகவே அந்த 22.5ஐ முழுக்கக் குறையாக எடுக்க முடியாது. அப்படியிருந்தும் என் விடை ஜோர்டன்தான். ஒரே பருவத்தை மட்டும் கேட்டால் சேம்பர்லெய்னின் 1961-62. மொத்தமாக, எந்த ஆட்டத்திலும், எந்த எதிரணிக்கும் எதிராக ஒரு கூடை வேண்டும் என்றால் ஜோர்டன். இதோடு ஒத்துப்போகாதவர்கள் மேலே உள்ள படிகளில் எதற்கு அதிக எடை போடுகிறார்கள் என்று சொன்னால் போதும், வாக்குவாதம் பயனுள்ளதாகும்.

எட்டாம் படி: இதையே நம் கோர்ட்டில் செய்வது

உண்மையில் நான் வந்து சேர நினைத்த இடம் இது. 1970களில் பாடசாலைக்கு ஆடிய மாமாவையும் இப்போது ஆடும் தம்பியையும் எப்படி ஒப்பிடுவது?

விதிகளிலிருந்து தொடங்குங்கள், நாம் ஆடுவது என்.பி.ஏ. விதியில் அல்ல, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில். ஃபிபா மூன்று புள்ளிக் கோட்டை ஏற்றது 1984இல், 6.25 மீற்றரில். 2000 வரை இரண்டு 20 நிமிடப் பாதிகள், ஒரு பந்துக்கு 30 வினாடி. அதற்குப் பிறகு நான்கு 10 நிமிடங்கள், 24 வினாடி. 2010இல் கோடு 6.75 மீற்றருக்குத் தள்ளிப்போனது, கூடையடிப் பகுதியும் சரிவக வடிவம் மாறிச் செவ்வகமானது. ஆகவே 1984க்கு முன், 1984-2000, 2000-2010, 2010க்குப் பின் என்று நான்கு காலமாகப் பிரியுங்கள். மாமா எந்தக் காலம், தம்பி எந்தக் காலம் என்று முதலில் எழுதுங்கள்.

அப்புறம் பழைய ஸ்கோர் ஷீட் கிடைக்குமா என்று தேடுங்கள். பாடசாலை அலுமாரி, பழைய மாணவர் சங்கம், வீட்டுப் பெட்டகத்தில் அம்மா பத்திரப்படுத்திய கோப்பு. இங்கே பலவும் போய்விட்டன. 1990 இடப்பெயர்வும், 2004 கடல்கோளும் கல்லடியிலும் கல்முனையிலும் வீடுகளை மட்டும் கொண்டுபோகவில்லை. ஒரு தாள் கிடைத்தாலும் அதைப் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். படிக்கும்போது கவனியுங்கள்: ஓடும் ஸ்கோர் வரிசையில் சாய்கோடு போட்டது களக் கூடை, நிரப்பிய புள்ளி ஃப்ரீ த்ரோ, வீரரின் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டது மூன்று புள்ளி.

இந்தத் தாளில் தவறிய எய்தல்கள் இருக்காது. ஆகவே ட்ரூ ஷூட்டிங் போட முடியாது. எத்தனை நிமிடம் ஆடினார் என்பதும் இருக்காது. இருப்பது அவர் புள்ளியும் அணியின் மொத்தமும். இங்கேதான் பங்குக் கணக்கு வருகிறது. உதாரணத்துக்கு, 52க்கு 22 எடுத்தவரின் பங்கு 42 சதவீதம், 84க்கு 30 எடுத்தவரின் பங்கு 36 சதவீதம். 30 பெரிய எண், ஆனால் 22 அந்த அணிக்கு அதிகம். வேகம், ஷொட் கிளொக், கோர்ட்டின் நிலை எல்லாவற்றையும் இந்த ஒரே கணக்கு பெருமளவு சமன்செய்துவிடும், ஏனென்றால் அவை அணித் தோழர்களுக்கும் ஒன்றுதான். ஒரு ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஒரு சுற்றுப்போட்டியின் எல்லா ஆட்டங்களையும் கூட்டிப் பங்கைப் பாருங்கள். பலமில்லாத அணியில் ஆடியவருக்குப் பங்கு தானாகவே கூடும் என்பதையும் குறித்து வையுங்கள்.

வாழ்நாள் மொத்தத்தை மட்டும் நம் ஆட்களுக்குப் போடாதீர்கள். போர்க்காலத்தில் 19 வயதில் ஆட்டம் நின்றுபோனவர்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்கள் ஆடிய வருடங்களின் உச்சத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

தாளே இல்லையென்றால் பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் "எத்தனை புள்ளி எடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், நினைவில் எண் வளர்ந்துவிடும். "எந்த இடத்திலிருந்து எய்வீர்கள்? உங்களை யார் மார்க் பண்ணினார்? எதிரணி உங்களுக்காக என்ன மாற்றியது?" என்று கேளுங்கள். ஒருவருக்காக எதிரணி இரண்டு பேரை நிறுத்தியது என்று எதிரணிக்காரரே சொன்னால், அந்தச் சாட்சியை நான் ஸ்கோர் ஷீட்டுக்குச் சமமாக எடுப்பேன்.

இன்றைய ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். உத்தியோகபூர்வத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கொப்பி வையுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி: உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், தவறிய இரண்டு புள்ளி, தவறிய மூன்று புள்ளி, தவறிய ஃப்ரீ த்ரோ. தவறியதற்கு ஒரு சின்னக் கோடு போட்டால் போதும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஆட்டமும் விடுபடாது: ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர் குறிக்க வேண்டும். ஆட்டம் முடிந்தவுடன், மத்தியஸ்தர் தாளில் கையெழுத்திடும் முன், அதில் வீரர்களின் புள்ளிகளைக் கூட்டினால் வருவதும் அணியின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.